வேலியோரத்துப் பாம்புச்சோளம்

வாசலூர்பட்டி, கொல்லிமலை
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணு பரிமளாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் வலது முழங்காலைத் தவிர எல்லாம் நலம். அங்கே அஸ்ஸாமில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பா சண்முகப்பிரியாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன், யாருக்காவது சளி, காய்ச்சல் இருந்தால் இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் சரியாகிவிட வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று போன தடவையும் கேட்டாய். போனில் நான் ஒரு வார்த்தை பேசினால் நீ நான்கு வார்த்தை குறுக்கே போடுகிறாய், டவர் வேறு ஏரிப் பக்கம் போய் நின்றால்தான் கிடைக்கிறது, அங்கே படகில் போக வந்த வெளியூர்க்காரர்கள் எல்லோரும் நின்று நம் வீட்டுக் கதையைக் கேட்கிறார்கள். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ வாயைத் திறக்க முடியாது. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல், மளிகைச் சாமான் கட்டி வந்த காகிதங்களைப் பார்த்துப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்ட எழுத்து இது, பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படி, திருத்திச் சொல்ல வேண்டாம்.

வைகாசி மழை இந்த வருடம் நன்றாகவே பெய்தது. சாமை விதைத்தாகிவிட்டது, மரவள்ளி போன வருடத்தைவிடத் தெளிவாக இருக்கிறது, காப்பிச் செடிகளுக்கு நிழல் போதாமல் மேல் பக்கம் மட்டும் கொஞ்சம் வாடல். உன் அப்பாவை சேந்தமங்கலம் கூட்டிப்போய் முழங்காலைக் காட்டினேன். டாக்டர் மலையேறக் கூடாது என்றார், ஊடே மலை மேலதானுங்க இருக்குது, பறந்தா போறது என்று இவர் கேட்டுவிட்டு மாத்திரை வாங்காமலேயே வெளியே வந்துவிட்டார், திரும்ப உள்ளே போய் வாங்கியது நான்தான். நீ அனுப்பிய தேயிலைத்தூள் வந்து சேர்ந்தது, நன்றாக இருக்கிறது, ஆனால் நம் காப்பிக்கு ஈடு இல்லை. பாப்பாவுக்கு ராத்திரியில் இருமல் என்று சொன்னாயே, ஈரக் காலுறையோடு விடாதே, மிளகைத் தட்டிப் போட்டு வெந்நீர் வைத்துக் கொடு, இங்கிருந்து போன மிளகு தீர்ந்துவிட்டால் சொல், கடையில் வாங்காதே.

உன் குடியிருப்புக்குப் பின்னால் மரத்தடியில் முளைத்திருப்பது நம் பாம்புச்சோளம்தானா என்று கேட்டுப் படம் அனுப்பியிருந்தாய். இல்லை. அதன் பங்காளியாக இருக்கலாம், ஆனால் நம்முடையது இல்லை. நம் சோலையில் வருவதற்கு ஒரே தண்டு, அந்தத் தண்டின் மேல் விரியன் தோல் மாதிரி திட்டுத் திட்டாகப் புள்ளி, உச்சியில் குடைக் கம்பி விரிந்த மாதிரி சுற்றிலும் இலை. உன் படத்தில் மூன்றே இலைதான் இருக்கிறது. பூ படமெடுத்த பாம்பு மாதிரி மூடி கவிழ்த்துக்கொண்டு பச்சையும் வெள்ளையும் கோடு போட்டு நிற்பது இரண்டுக்கும் பொது, அதைப் பார்த்து ஏமாந்திருக்கிறாய். இலையை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பூவைப் பார்க்க வேண்டும். கிழங்கை மட்டும் தோண்டிக் கையில் எடுக்காதே, அரிக்கும், வாயில் பட்டால் நாக்கு ஊசி குத்தினாற்போல எரியும், பாப்பாவை அந்தப் பக்கமே விடாதே. இது கிடக்கட்டும், பக்கத்து வீட்டிலேயே இருக்கும் உன் சின்னம்மா பாப்பாயி, என் கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து நான் சொன்ன எதையும் ஒப்புக்கொள்ளாதவள், நான் வளர்ப்பது வெறும் காட்டுக்கருணை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். காட்டுக்கருணை இலை வருவதற்கு முன்னால் வெறும் மண்ணில் பூத்து எலி செத்த நாற்றம் நாறும், அதன் இலைக்காம்பு மூன்றாகப் பிரிந்து மறுபடியும் கிளை கிளையாகப் போகும். நம்முடையது இலையும் பூவும் சேர்ந்தே வரும், மூக்கை உள்ளே விட்டால்கூட நாறாது. பழம் சிவந்து சோளக்கதிர் மாதிரி நிற்பது மட்டும் இரண்டுக்கும் உண்டு. கதிரைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் எல்லாம் இப்படித்தான் தப்பாகப் பேசுகிறார்கள்.

அது நம் கொல்லைக்கு வந்த கதை உனக்குத் தெரியும். ரோட்டை அகலப்படுத்தச் சோலை ஓரத்தை இயந்திரம் வைத்து வழித்தபோது மண்ணோடு உருண்டு கிடந்த மூன்று கிழங்குகளை முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தேன். பாம்பு தின்கிற சோளத்தை ஊட்டண்ட வெச்சா பாம்பு வராம பசுவா வரும் என்று அன்றைக்கே பாப்பாயி கேட்டாள். உன் அப்பாவும் வேண்டாம் என்றார், கோயில் பூசாரியும் வேண்டாம் என்றார். இத்தனை பேர் வேண்டாம் என்று சொன்னதால்தான் நட்டேன். பாம்பு தின்று நான் பார்த்ததில்லை, பறவைதான் தின்கிறது. ஒரு கிழங்கைத் தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் வைத்துவிட்டேன், அழுகிவிட்டது. இன்னொன்றைப் பலா மரத்தடியில் இலை மக்கிய மண்ணில் வைத்தேன், அது பிடித்துக்கொண்டது. மூன்றாவதை பாப்பாயிக்குக் கொடுத்தேன். பயந்துகொண்டே வாங்கி அவள் பக்கத்து மரத்தடியில் வைத்தாள், அதுவும் வந்தது. கார்த்திகைக்குப் பிறகு தண்டு வாடி மண்ணுக்குள் போய்விடும், கோடை முழுக்க அந்த இடத்தில் ஒன்றுமே இருக்காது, செத்துவிட்டது என்று யாரும் கொத்திவிடக் கூடாது, தண்ணீரும் ஊற்றக் கூடாது. முதல் மழை விழுந்த பிறகுதான் மண்ணைப் பிளந்துகொண்டு புள்ளித் தண்டு எட்டிப் பார்க்கும். விதை போட்டும் வளர்க்கலாம். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பழத்தின் சதையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, நகம் புதையும் ஆழத்தில் போட வேண்டும். முதல் வருடம் ஒரே ஒரு சின்ன இலை வரும், அதைப் பார்த்து ஏமாந்து பிடுங்கிப்போடாமல் பொறுமையாக இருந்தால் நான்கைந்து வருடத்தில் பூக்கும். பொறுமை இல்லாதவர்கள் கொத்தமல்லி போட்டுக்கொள்ளட்டும்.

இனி போன வருடக் கதைக்கு வருகிறேன். அதை நீ உன் சின்னம்மா வாயால் கேட்டுவிட்டாய், என் வாயால் முழுதாகக் கேட்கவில்லை. அதற்கு முந்திய வருடம் என் செடி முழங்கை நீளத்துக்குக் கதிர் பிடித்துச் சிவந்து நின்றதை நீயே லீவில் வந்தபோது பார்த்தாய். பாப்பாயியின் செடி அதுவரை ஒரு தடவைகூடக் காய்த்ததில்லை, பூத்துப் பூத்து விழுந்துவிடும். போன வருடம் தை மாதம் அவள் எங்கள் இரண்டு கொல்லைக்கும் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து களைக்கொத்தை வைத்து இஞ்சி தோண்டிக்கொண்டிருந்தாள், அப்போது நடுவில் வேலி கிடையாது. வைகாசியில் பார்த்தால் என் இடத்தில் ஒல்லியாக ஒரு தண்டு, சின்னதாக ஒரு பூ, நான்கு நாளில் வாடி விழுந்தது, காய் இல்லை. அவள் மரத்தடியில் தடித்த தண்டு, இரண்டு குடை அகலத்துக்கு இலை, பூ விழுந்த இடத்தில் பச்சைக் கதிர். யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள், நீயே சொல். காய்க்கிற கிழங்கை எடுத்துக்கொண்டு மலட்டுக் கிழங்கை என் மண்ணில் வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன், நினைத்ததை வெளியே சொன்னேன், கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அவள் சும்மா இருப்பாளா. பாம்புக்குப் போடற தீனியத் திருடி நான் என்ன கொழம்பா வெக்கப் போறேன், உன்ற செடிக்கு உன்ற வாயப் பாத்தே காய் கொட்டிப் போயிருக்கும் என்றாள். நான் அடுத்த நாளே மூங்கில் முள்ளை வெட்டிப்போட்டு இரண்டு கொல்லைக்கும் நடுவில் வேலி அடைத்தேன். அவள் தன் மகன் சுதாகரிடம், மரவள்ளி லோடு ஏற்றும்போதுகூட நம் வாசலில் வண்டியை நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

அப்புறம்தான் நீ காது குத்துப் பேச்சை எடுத்தாய். உனக்குக் கூடப் பிறந்தவன் இல்லை, சுதாகர்தான் பாப்பாவுக்குத் தாய்மாமன் முறை, அவன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், இது எனக்கும் தெரியும். பங்காளி வகையில் அரியூர் நாட்டு ஊர்களில் வேறு பையன்கள் இல்லாமலா போனார்கள் என்று நான் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? சுதாகர் அண்ணன் மடி இல்லையென்றால் என் பிள்ளைக்குக் காது குத்தே வேண்டாம், சின்னம்மா வராத வீட்டுக்கு நானும் வரவில்லை, தீபாவளி லீவை இங்கேயே கழித்துக்கொள்கிறோம் என்றாய். ஏரிக்கரையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தேன். என்ன சொன்னாள் என்று உன் அப்பா கேட்டார். டவர் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். பாப்பாயியிடம் உன் அப்பா தூது போனார், அவள் ஒரே பேச்சாக, திருடின்னு சொன்ன வாய் இல்லைன்னு சொல்லோணும் மாமா, அன்னைக்கே என்ற பையன் மடியில புள்ளைய வெச்சுக்குவான் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியாதபோது எடுக்கவில்லை என்று நான் எப்படிச் சொல்வது? அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

பங்குனியில் நீ மறுபடியும் போன் செய்து, அந்தச் செடி ஒரு வருடம் ஆணாகவும் ஒரு வருடம் பெண்ணாகவும் இருக்குமாம், கிழங்கில் சத்து இருந்தால் பெண் பூ பூத்துக் காய்க்கும், காய்த்துக் களைத்தால் அடுத்த வருடம் ஆண் பூதான் வரும் என்று எங்கேயோ படித்ததாகச் சொன்னாய். சின்னம்மாவைக் காப்பாற்ற நீ கட்டின கதை என்றுதான் நினைத்தேன், இப்போதும் சொல்கிறேன், நீ சொன்னதால் நான் எதையும் நம்பவில்லை. ஆனால் நான் அதற்கு முன்னாலேயே, கார்த்திகையில் தண்டு வாடியபோதே, ஒரு காரியம் செய்து வைத்திருந்தேன். கோழி மூடுகிற பஞ்சாரத்தை அந்த இடத்தின் மேல் கவிழ்த்து அதன் மேல் பழைய ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்துவிட்டேன். உன் அப்பா பார்த்துவிட்டு, கெழங்கு எந்திரிச்சு ஓடீருமுன்னு பயமாக்கும் என்று கேட்டார். அந்தக் கல்லை யார் நகர்த்தினாலும் எனக்குத் தெரியாமல் இருக்காது. வைகாசி மழை விழுந்து முளை பஞ்சாரத்தை முட்டிய பிறகுதான் கல்லை இறக்கினேன். யாரும் தொடாத மண். வந்த தண்டு என் மணிக்கட்டுத் தடிமன். பூவின் குழலை லேசாக விலக்கிப் பார்த்தேன், உள்ளே பச்சை மணிகள் நெருக்கிக்கொண்டு இருந்தன. போன வருடம் மலடாக இருந்த அதே கிழங்கு இந்த வருடம் காய்க்கப் போகிறது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, கொஞ்ச நேரத்துக்கு.

அன்றைக்கே வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாப்பாயியின் சத்தம். அவள் மரத்தடியில் போன வருடம் கதிர் பிடித்த செடி இந்த வருடம் விரல் தடிமனில் வந்து, பூத்து, காயில்லாமல் நிற்கிறது. என்ற காய்ச்ச கெழங்கக் கொண்டு போயிக் கூடைக்குள்ள ஒளிச்சு வெச்சுக் கல்லத் தூக்கி மேல வெச்சவளே, மலட்டக் கொண்டாந்து இங்க ஊனிட்டுப் போயிட்டியே, இதுக்குத்தான் வேலி அடச்சியா என்று ஊர் கேட்கக் கத்துகிறாள். பரிமளா, போன வருடம் நான் பேசிய பேச்சை ஒரு வார்த்தை மாறாமல் அவள் என் மேல் பேசிக்கொண்டிருந்தாள். நான் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவள் பக்கம் நான் கால் வைத்து ஒரு வருடம் ஆகிறது. நான் எடுக்காமலே அவளுடையது மாறியிருக்கிறது என்றால் செடி தானாகத்தான் மாறுகிறது. இதை நான் என் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன், புத்தகத்திலும் போனிலும் பார்த்து இல்லை.

அதை அவளிடம் சொல்லப் போனேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே, உன் பூவைக் கிள்ளிக்கொண்டு வா, ஒன்று காட்டுகிறேன் என்றேன். என்னத்தக் காட்டப் போறீங்க என்றாள். கத்தி முடித்த பிறகும் கோபம் ஆறாவிட்டால்தான் அவள் எனக்கு ‘ங்க’ போடுவாள். இருந்தாலும் கொண்டுவந்தாள். குழலின் அடியில் இரண்டு ஓரமும் மடிந்து சேர்கிற இடத்தில் கடுகு நுழைகிற அளவுக்கு ஒரு பொத்தல் இருக்கிறது பார், போன வருடம் விழுந்த என் பூவிலும் இருந்தது என்றேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொசு மாதிரி ஒரு பூச்சி பொடியைப் பூசிக்கொண்டு அதன் வழியாக வெளியே வந்து பறந்தது. பிறகு என் பூவின் மூடியைக் குழலோடு பிளேடால் நீளவாக்கில் கீறிக் கழற்றிக் கொண்டுவந்து காட்டினேன், காய் பிடித்த பிறகு மூடியைக் கழற்றினால் கதிருக்கு ஒன்றும் ஆகாது. அடியில் பொத்தலே இல்லை, இறுக்கமாகச் சேர்ந்திருக்கிறது, அதே பூச்சிகள் உள்ளே செத்துக் கிடந்தன. ஆண் பூவிலிருந்து பொடியோடு தப்பி வருகிற பூச்சி இதற்குள் விழுந்தால் வெளியே போக வழி இல்லாமல் சுற்றிச் சுற்றி வரும், அதில்தான் காய் பிடிக்கிறது, பலம் இருக்கிற வருடம் இந்தப் பூ, பலம் இல்லாத வருடம் அந்தப் பூ, ஒரே கிழங்குதான் என்று எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். பாப்பாயி தன் பூவையும் என் பூவின் மூடியையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்ப போன வருசம் நான் எடுக்கலேன்னு இப்பத் தெரியுதா அக்கா என்று கேட்டாள். நான் செடியைப் பற்றிச் சொன்னேன், அதற்கு மேல் எனக்குப் பேச ஒன்றும் இல்லை என்றேன். அவள் என் பூவின் மூடியை வேலி முள்ளின் மேல் வைத்துவிட்டு, உள்ள போறதுக்கு வாய் இருக்குது, வெளிய வாரதுக்கு ஒரு பொத்தலும் இல்ல, நீ வளத்த செடிதான், சந்தேகமே இல்ல, உன்னையாட்டமே இருக்குது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். காப்பி உலர்த்துகிற களத்தில் உட்கார்ந்திருந்த உன் அப்பா சிரித்த சிரிப்பில் முழங்கால் வலி போயிருக்கும். நான் சிரிக்கவில்லை.

அவள் கேட்ட வார்த்தையை நான் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை. என் இடத்தில் யார் இருந்தாலும் போன வருடம் அதைத்தான் பேசியிருப்பார்கள். ஆனால் வேலி நான் அடைத்த வேலி, அதை நான் என்ன செய்தாலும் யாரும் கேட்க முடியாது. மறுநாள் காலையில் அரிவாளை எடுத்துக்கொண்டு போய்ப் பலா மரத்துக்கு நேராக முள்ளை வெட்டி இழுத்துப் போட்டேன். ஒரு ஆள் இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு முள் படாமல் நடந்து வருகிற அகலத்துக்கு வெட்டியிருக்கிறேன். வழி விட்டிருக்கிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை, அவளுக்குக் கண் இருக்கிறது. அன்று மாலை அவளுடைய கோழி அந்த வழியாக வந்து சாமைக்குள் இறங்கியது, நான் விரட்டவில்லை. அடுத்த நாள் சுதாகர் வந்தான். ரோட்டு வழியாக வரவில்லை, அந்த வழியாகத்தான் வந்தான். காப்பி கொடுத்தேன், குடித்தான். பெரீம்மா, பாப்பாவுக்குச் சட்டை எடுக்கோணும், அளவு கேட்டு வாங்கியாரச் சொல்லி அம்மா அனுப்புனாங்க என்றான். அம்மாவே வந்து கேட்டால் என்ன என்று கேட்டேன். வருவாங்க பெரீம்மா, மொதல்ல கோழி, அப்பறம் நானு, அவுங்க கடைசியா வாராங்களாம் என்றான். அவள் வாய் இவனுக்கும் வந்திருக்கிறது.

ஆகவே ஐப்பசியில் லீவு எழுதிக் கொடுத்துவிடு. குலசாமி கோயிலில் நாள் பார்த்து உன் அப்பா சொல்வார். மலை ரோட்டில் வளைவுக்கு வளைவு பாப்பா வாந்தி எடுப்பாள், வெறும் வயிற்றிலும் ஏற்றாதே, நிறையக் கொடுத்தும் ஏற்றாதே, சேந்தமங்கலத்துக்கு சுதாகர் வண்டியோடு வந்து நிற்பான். நீங்கள் வரும்போது கதிர் சிவந்திருக்கும், குழந்தை கைநீட்டும் நிறம் அது, அதனால் அன்றைக்கு மறுபடியும் பஞ்சாரத்தைக் கவிழ்த்து வைப்பேன், ஆட்டுக்கல் மட்டும் வேண்டாம், உன் அப்பா சிரிப்பார். பழுத்ததும் பாதி விதை எனக்கு, பாதியை பாப்பாயி பக்கத்தில் நானே ஊன்றலாம் என்று இருக்கிறேன், அவளிடம் கொடுத்தால் ஆழமாகப் போட்டுக் கெடுத்துவிடுவாள்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், பாப்பா இருமல் நின்று நன்றாகச் சாப்பிட்டு வளர வேண்டும், குலசாமி கூடவே இருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். மொட்டை போட்டுத்தான் காது குத்துவோம், அதற்குள் அங்கே அழகு பார்க்கிறேன் என்று பாப்பாவின் முடியில் கத்திரி வைத்துவிடாதே. சட்டை அளவை மட்டும் கடிதத்துக்குக் காத்திருக்காமல் போனில் சொல்லிவிடு. எனக்குச் சொல்ல வேண்டாம், நேராக உன் சின்னம்மாவுக்கே சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
மாதம்மாள்